காயத்துணிக்கு ஓர் உறவு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். செடியில் பறித்த பருத்தியில் இயற்கையாகவே மெழுகு இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுத்த பிறகுதான் அது ஈரத்தை உறிஞ்சும். காயத்தில் வைக்கிற பஞ்சும் துணியும் இப்படித்தான் பக்குவமாகின்றன.

நாப்கினும் காயக்கட்டிலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போரில் காயக்கட்டுக்காக அமெரிக்காவில் மரக்கூழிலிருந்து ஒரு பஞ்சு தயாரித்தார்கள். போர்முனைச் செவிலியர்கள் அதை மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடிந்ததும், 1920-இல், அதே பொருள் ‘கோடெக்ஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

நம் ஏழைப் பெண்களுக்கோ அது நெடுங்காலம் எட்டாத விலையில் இருந்தது. கோவையின் அருணாசலம் முருகானந்தம், மகளிர் குழுக்களே நாப்கின் செய்து விற்கும்படி மலிவான இயந்திரம் கண்டார். 2012-இல் தமிழக அரசின் ‘புது யுகம்’ திட்டம் தொடங்கி, கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வந்தது. 2018 ஜூலையில் நாப்கின் மீதான ஜிஎஸ்டி நீங்கியது.

‘புது யுகம்’ திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. அதாவது ஒரு மாதவிடாய்க்கு 9. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் நாளுக்கு 4. ஐந்து நாளுக்கு 20 வேண்டும். மீதி 11-க்கு, கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பெண் எங்கே போவாள்? ஒன்றையே நாள் முழுக்க வைத்திருப்பாள். இல்லையென்றால் பழைய சேலைத்துணியை எடுப்பாள். துணியில் குற்றமில்லை. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்தால் அது பாதுகாப்பானதே. யார் கண்ணிலும் படக்கூடாதென்று இருட்டு மூலையில் ஈரத்தோடு ஒளித்துவைப்பதுதான் நோய்த்தொற்றுக்கு வழி.

பள்ளிக்குப் போகும் பெண்ணுக்குப் பள்ளியிலேயே நாப்கின் கிடைத்துவிடும். படிப்பை நிறுத்தியவளும், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் வாழும் பளியர் பழங்குடி வீட்டுப் பெண்ணும் கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடியையும் நம்பித்தான் இருக்கிறார்கள்.

எனவே அரசு இந்த 9-ஐ 20 ஆக்க வேண்டும். பள்ளிக்கு வராத பெண்களின் வீடு தேடிக் கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நாம் செய்ய வேண்டியது ஒன்று: மாதவிடாய்த் துணி வெயிலில் காயட்டும், யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.