நரம்புச் சிலந்தியும் மீனும்

ரமணாசிரமத்தை அடுத்த பாலி தீர்த்தத்தின் படிகளைக் காணுந்தோறும் நரம்புச் சிலந்தி நோய் என் நினைவில் எழும். (இக்குளத்தின்மீது பழி ஏதும் சுமத்தவில்லை.) இறங்கி நீர் மொள்ளப் படிகள் அமைந்த நீர்நிலைகளே அந்நோய்க்கு உறைவிடம். நோயாளி நீரில் கால் நனைத்ததும் கொப்புளத்தின் வழியே புழுக்குஞ்சுகள் வெளிப்படும். சைக்ளோப்ஸ் என்னும் நுண்ணுயிர் அவற்றை விழுங்கும். அந்நீரைப் பருகியவர் உடலில் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளப் புழு வளர்ந்துவிடும். தலைநீட்டும் புழுவைக் குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்கவேண்டும். இடையில் அறுந்தால் கால் சீழ்பிடிக்கும்.

1930களில் மைசூர் சமஸ்தானத்துச் சித்திரதுர்க்கப் பகுதியில் மூர்த்தி, ஸ்வீட் என்னும் ஆய்வாளர்கள், சைக்ளோப்ஸைத் தின்னும் சிறுமீன்களைக் கிணறுகளில் விட்டு நோயை அடக்க முயன்றனர். அன்று மீன் நமக்குக் காவல்.

இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கதை முடிந்தது என்றே நானும் வகுப்பில் சொல்லிவந்தேன். ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2010இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2012 முதல் நாய்களிலும் புழு தென்பட்டது. ஆற்றங்கரையில் வீசப்படும் மீன்குடலையும் பச்சை மீனையும் நாய்கள் தின்கின்றன. புழுக்குஞ்சு மீனுடலில் வளராமலே உயிரோடு தங்கியிருக்கக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. சரியாக வேகாத மீனின் வழியே மனிதருக்கும் அது வரலாம் என ஐயுறுகின்றனர்.

1986இல் உலகெங்கும் ஏறத்தாழ 35 லட்சம் பேரைப் பற்றியிருந்த நோய், 2024இல் 15 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. விலங்குகளிலோ, அதே ஆண்டில், அறுநூறுக்கும் மேல். சாட் நாட்டு மீனவர்களிடம் இப்போது மீன்குடலைக் குழிதோண்டிப் புதைக்கச் சொல்கிறார்கள்.