உரோமப் பேரரசும் தமிழ்க் கடற்கரையும்

கோபர்கைரனேயில் குடியமர்ந்து வாழும் நாம், மாலைப் பொழுதில் தாணே உப்பங்கழியின் கரையில் நின்று நோக்குங்கால், பழைய வரலாறு ஒன்றின் வாயிலில் நிற்கிறோம் என்பதை எண்ணுவதில்லை. இக்கழிக்கு வடகிழக்கே கல்யாண், வடமேற்கே சோபாரா. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘செங்கடற் பயண நூல்’ இவ்விரு துறைமுகங்களையும் குறிக்கின்றது. கல்யாண் துறையில் அக்காலத்தே தடை நிலவியது. அங்குத் தற்செயலாய் ஒதுங்கிய யவனக் கலங்கள் காவலுடன் புரோச்சுத் துறைக்கு அனுப்பப்பட்டன என்கிறது அந்நூல். அவ்வேட்டிலேயே தெற்கே நம் முசிறியும் பேசப்படுகிறது. இக்கரையையும் நம் முன்னோர் கரையையும் ஒருங்கே நாடி வந்த அவ்வணிகத்தின் பின்னே நின்ற பேரரசு எத்தகையது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உரோமரின் பெருமைக்கு அடிக்கல் நாட்டியவருள் எட்ருஸ்கர் முதன்மையானவர். இத்தாலியில் டைபர், ஆர்னோ என்னும் ஆறுகளுக்கு இடைப்பட்ட நாட்டில் அவர்கள் வாழ்ந்தனர். வெண்கல வார்ப்பிலும் சுடுமண் சிற்பத்திலும் கைதேர்ந்தவர்கள். உரோமாபுரியை ஆண்ட தார்குவின் மன்னர்கள் அம்மரபினர் என்பர். சதுப்பு நிலத்து நீரை வடித்த பெருங்கால்வாயும், கேபிட்டோல் குன்றின்மீது எழுந்த ஜூபிடர் கோயிலும் அவர்கள் காலத்துப் பணிகளாகக் கூறப்படுகின்றன. அக்கோயிலின் தெய்வ உருவைச் சுடுமண்ணால் சமைத்தவன் வெயி நகரத்து உல்கா என்னும் கலைஞன். கோடரியுடன் சேர்த்துக் கட்டிய கோற்கற்றையாகிய ஆட்சிச் சின்னத்தையும் உரோமர் எட்ருஸ்கரிடமிருந்தே பெற்றனர் எனப் பண்டை ஆசிரியர் உரைப்பர். கி.மு. 396இல் வெயி நகரம் உரோமரிடம் வீழ்ந்தது. பின்னர் ஏனைய நகரங்களும் ஒவ்வொன்றாய் அடங்கின. ஆட்சி அழிந்தது, கைத்திறன் அழியவில்லை.

அதற்குச் சான்று அரேஸ்ஸோ நகரம். 1553இல் அங்கு மண்ணிலிருந்து வெளிப்பட்ட வெண்கலக் கிமேரா உரு எட்ருஸ்கக் கலையின் உச்சமாக இன்றும் போற்றப்படுகிறது. அதே நகரத்துக் குயவர் அகஸ்தஸ் பேரரசன் காலத்தில் செந்நிற மெருகுக் கலங்களை வனைந்து, தம் பெயர் முத்திரையை அவற்றில் பதித்து, உலகெங்கும் அனுப்பினர். அக்கலங்களின் உடைந்த சில்லுகள் எங்கே கிடைத்தன தெரியுமா? புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில்! 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது அவை வெளிவந்தன. மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் துண்டுகளும் உடன் கிடைத்தன. இத்தாலியில் காலம் வரையறுக்கப்பட்ட அச்சில்லுகளைக் கொண்டே தென்னாட்டு மண்ணடுக்குகளின் காலத்தை அவர் கணித்தார். எட்ருஸ்க நகரத்துக் களிமண் நம் வரலாற்றுக்கு நாட்காட்டியாயிற்று.

இனி, பொருளின் கணக்கைக் காண்போம். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதென்று பிளினி வருந்தினார். முசிறியிலிருந்து சென்ற ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பலின் சரக்கைக் குறித்த பாப்பிரசு ஏடு ஒன்று இன்று வியன்னாவில் உள்ளது. அச்சரக்கில் யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் இருந்தன. இத்தகைய சரக்குக்குப் பேரரசு விதித்த சுங்கம் நூற்றுக்கு 25. தலைநகரில் டொமிஷியன் மன்னன் மிளகுக்கெனத் தனிக் கிடங்கே எழுப்பினான். பழைய உரோம நிலப்படம் ஒன்றின் இடைக்காலப் படியில், முசிறிக்கு அருகே அகஸ்தஸ் கோயில் ஒன்றும் வரையப்பட்டுள்ளது.

பேரரசனின் உருவம் கோயிலாகவும் நாணயமாகவும் கடல் கடந்து வந்தது. வந்த இடத்தில் அதற்கு நேர்ந்தது யாது? 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளிவெட்டு விழுந்திருக்கிறது! காசைப் புழக்கத்தினின்று நீக்கவே இவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. எவ்வாறாயினும், அம்முகத்துக்கு இங்கே அச்சமும் இல்லை, வணக்கமும் இல்லை. பொன்னின் எடைக்கே மதிப்பு இருந்தது.

ஆனால் வணிகம் ஒருவழிப் பாதையன்று. எகிப்தின் செங்கடற் கரையில், குசைர் அல்-கதீம் என்னும் பழந்துறையில், பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் கிடைத்துள்ளன. அவர்கள் மன்னரல்லர், பிழைப்பு நாடிக் கடல் கடந்த எளியோர், நம்மைப் போன்றோர். சலவைக்கல் மாளிகைகள் பல இடிந்து கிடக்க, இருவர் தம் பானையில் கீறிய பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் படிக்கக் கிடக்கின்றன.

இதை எண்ணுங்கால் நம் நெஞ்சில் ஒரு கவலை எழுகிறது. நம் குடியிருப்பில் பிறந்து வளரும் பிள்ளைகளுட் பலர் மராத்தியும் ஆங்கிலமும் இந்தியும் நன்கு பயில்கின்றனர், மகிழ்ச்சியே. ஆயினும் தம் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் அவருட் சிலர் தயங்குகின்றனர். அயல்மண்ணில் ஓர் ஓட்டின்மீதும் தமிழ் எழுத்தை மறவாதிருந்தார் கண்ணன், சாதனும் அவ்வாறே. வீட்டுக்கு வீடு மாலையில் அரைநாழிகை ஒதுக்கி, நம் மக்களுக்கும் அவ்வெழுத்தைக் கற்பிப்போமாக. பேரரசுகள் செய்ய இயலாததை ஒரு பலகையும் ஓர் எழுதுகோலும் செய்யும்.