நிழலைப் பார்த்த தொழில்

ரிச்சர்ட்ஸ் பார்க்கை இரண்டு சுற்று சுற்றினாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. முப்பது வருடம், இதயத்துக்குள் குழாய் செலுத்தும் கேத் லேபில் டெக்னீஷியனாக, எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் சுமந்த இடுப்பு. போன வாரம் பார்க் பெஞ்சில் எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, பெரிய வால்வு சுருங்கிப்போச்சாம். தொடை வழியாவே மாத்திடலாம்னு டாக்டர் சொல்றார். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள படுக்கவெச்சு, நேரா பார்த்துக்கிட்டே மாத்த முடியாதா?"

எங்கள் தொழிலின் ஆதிக்கவலையே நேராகப் பார்க்க முடியாததுதான் என்றேன்.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கைச்சிரையில் குழாயைச் செருகிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். எதிரே பிடித்த கண்ணாடியில் குழாயின் நிழலைப் பார்த்தபடி இதயம்வரை தள்ளினார். அன்று பிடித்த நிழலை இன்னும் நாங்கள் விடவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கம்பி தெரியும், வால்வில் படிந்த சுண்ணாம்பு தெரியும். வால்வின் சதை தெரியாது. டை செலுத்தினால் ஓரிரு துடிப்புக்கு உருவம் மலர்ந்து கரைந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேசைக்கு வந்தவர்களில் பலர் இளம்பெண்கள். சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு ஒட்டிக்கொண்டவர்கள். ஜப்பானின் கான்ஜி இனோவே 1982இல் தொடங்கிவைத்த பலூனால் அதை விரிப்போம். அதற்கு இதயத்தின் நடுச்சுவரை ஊசியால் துளைக்க வேண்டும். சுவரோ திரையில் தெரியாது. குழாயைக் கீழே இழுக்கும்போது அதன் நுனி மெல்லிய குழியில் 'தொப்'பென்று விழும் அந்த ஒரு துள்ளலை நம்பித்தான் குத்துவார்கள். அந்த நொடியில் லேபில் யாரும் மூச்சுவிடமாட்டோம்.

விரிப்பதோடு நிற்காமல் வால்வையே மாற்றவும் முயன்றார்கள். 1989இல் டென்மார்க்கின் ஹென்னிங் ஆண்டர்சன், தானே முறுக்கிய கம்பிக்கூட்டில் பன்றி வால்வைத் தைத்து இன்னொரு பன்றிக்குக் குழாய் வழியே பொருத்தினார். 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே, 57 வயது மனிதருக்குக் குழாய் வழியே, அக்கா சொன்ன அதே பெரிய வால்வை, அதாவது பெருந்தமனி வால்வை வைத்தார். இதில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஆபத்து. இதயத்துக்கே ரத்தம் தரும் வாய்கள் அடைபடலாம், ஓரத்தில் ரத்தம் கசியலாம்.

அக்கா கேட்டதைப் பன்றிகளிடம் செய்தும் காட்டினார்கள். 2004இல் ஜெர்மனியில் டைட்டஸ் கூனே குழுவினர் எம்.ஆர்.ஐ. பார்த்தபடியே வால்வை இறக்கினார்கள். 2006இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் எலியட் மெக்வே, கீத் ஹார்வத் குழுவினர் இதயத்தின் நுனி வழியாக நுழைந்து அதையே செய்தார்கள். சதை, சுவர், ரத்த ஓட்டம் எல்லாம் ஓடும் படமாகத் தெரிந்தன. கதிர்வீச்சு இல்லை. ஈய ஏப்ரனும் வேண்டாம்! அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனிதர்களிடம் இதைச் செய்யவிடாமல் முதலில் தடுத்தது, குழாயை வழிநடத்தும் கம்பி. 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. எஃகுக் கம்பியை இழுக்கும். நீண்ட கம்பி ரேடியோ அலைக்கு ஆன்டெனாவாகி நுனி சூடேறும். காந்தத்துக்குள் ஈ.சி.ஜி. கோடும் கலங்கிவிடும். இதயம் திடீரென்று நின்றால் முதலில் நோயாளியை அந்தக் குகையிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். இதற்குள் சி.டி. ஸ்கேன் முன்கூட்டியே வால்வை அளந்து கொடுக்க ஆரம்பித்ததால், பழைய நிழலே போதுமென்றாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. என் இடத்தில் இப்போது நிற்கும் பிள்ளைகளும் ஏப்ரன் சுமக்கிறார்களே.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு எக்ஸ்ரேதான்" என்றார். செவ்வாய்க்கிழமை சி.டி. எடுக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.