சுவிஸ் உடையில் லங்காஷயர்க்காரர்கள்



திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது பீடச்சிறுவர் ஒலிக்கும் கைமணி நமக்குப் பழகியது. இங்கிலாந்தில் கைமணிகளைக் கொண்டே பாட்டிசைக்கும் குழுக்கள் உருவாயின. ஆலயக் கோபுர மணியடிப்போர் குளிரில் கோபுரம் ஏறாமல், ஊரார் காதைப் புண்ணாக்காமல் பயிற்சி செய்யவே முதலில் கைமணிகளை எடுத்தார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில சுரங்களே. ஒருவர் வராவிட்டால் பாட்டில் அந்த இடம் ஊமையாகிவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர், யார்க்ஷயர் ஆலைத் தொழிலாளர் பலர் இவ்விசையில் தேர்ந்தார்கள். மான்செஸ்டரின் பெல்வியூ பூங்காவில் 1855 முதல் போட்டிகளே நடந்தன.

அதற்கு முன்பே, 1840-களில், அமெரிக்கக் காட்சி வணிகர் பி. டி. பார்னம் ஒரு லங்காஷயர் குழுவை ஒப்பந்தம் செய்தார். இசை பிடித்திருந்தது; ஊர்தான் பிடிக்கவில்லை. மீசை வளர்த்து, விநோத உடை உடுத்தி, சுவிட்சர்லாந்துக்காரர்களாக வரச் சொன்னார். பேசினால் குட்டு உடைந்துவிடுமே என்று அவர்கள் தயங்கினார்கள். உங்கள் பேச்சு அமெரிக்காவில் எவருக்கும் புரியாது, கவலை வேண்டாம் என்றாராம்! இதை அவரே தன் வரலாற்றில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். நமக்கோ, நாசரேத்தைப் பற்றி நத்தனியேல் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அவர்களும் கூலிக்காகச் சொந்த ஊரை மறைத்து மேடையேறினார்கள்.

பின்னர் 1902-இல் இங்கிலாந்து சென்று கோபுர மணியடித்த பாஸ்டன் பெண் மார்கரெட் ஷர்க்ளிஃப், கைமணிகளோடு திரும்பினார். 1923-இல் அவர் அமைத்த குழுவைப் பார்த்துப் பல குழுக்கள் தோன்றின. 1954-இல் அவை ஒரு சங்கமாகக் கூடியபோது, பெயரிலேயே 'ஆங்கிலக் கைமணி' என்று எழுதிவைத்தார்கள்.