குடியேறியோர் தாமே கூறிய வரலாறு

செயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரிதும் அரசர் வரலாற்றையே எழுதுவர். கங்கை நீர் கொணர்ந்து ஏரி சமைத்து, அதனை நீராலாய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேட்டிற் புகழப்பெற்ற முதலாம் இராசேந்திரனது பெருமிதம் யாவரும் அறிந்தது. அந்நகர் சோழர் கோநகராய் விளங்கிய நாளிலேயே, அதற்கு மேற்கில், பாடாலூரை அடுத்த ஊட்டத்தூரில், வேறொரு கூட்டத்தார் தாம் வந்த வரலாற்றைத் தாமே கல்லிற் பொறித்தனர். அதனை நம்மவர் போதிய அளவு பயின்றிலர்.

1912ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தொகுப்பில் 489ஆம் எண் பெற்ற அச்சாசனம் மூன்றாம் குலோத்துங்கனது 40ஆம் ஆட்சியாண்டினது, கி.பி. 1218ஐ ஒட்டியது. அஃது அரசாணை அன்று, கோயிற்கொடையும் அன்று. இடங்கை தொண்ணூற்றெட்டுக் குடியினர் தம்முட் செய்துகொண்ட உடன்பாடு.

அவர் கூற்று இது: காசிப முனிவரது வேள்வியைக் காக்கத் தாம் வேள்விக் குண்டத்தினின்று தோற்றுவிக்கப்பட்டனர். அரிந்தமன் என்னும் சக்கரவர்த்தி அம்முனிவரைத் தேரேற்றித் தான் அமைத்த அந்தணர் குடியிருப்பிற்கு அழைத்து வந்தபோது, தாம் தேரின் பின்புறம் அமர்ந்து, அவர்தம் செருப்பையும் குடையையும் சுமந்து வந்தனர். திருவெள்ளறை, பாச்சில், திருப்பிடவூர், ஊற்றத்தூர் முதலிய சோணாட்டு ஊர்களிற் குடியமர்ந்தனர். முனிவர் தேரினின்று இறங்குகையில் இடப்பக்கம் நின்று தாங்கியமையால் இடங்கையெனப் பெயர் பெற்றனர். முன்னோர் தம் அடையாளங்களைக் காட்டிலும் புதரிலும் இழந்தமையின் தம் தோற்றத்தை மறந்திருந்தனர், இப்போது அறிந்துகொண்டனர்.

பெயர்க்காரணம் பொருந்தாது என்பது வெளிப்படை. வலங்கை வேளைக்காரப் படைகள் முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகின்றன. வலம், இடம் என்னும் பகுப்பு இக்கதைக்கு இரு நூற்றாண்டேனும் மூத்தது. இவ்வட்டாரக் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபொரு கராசிமா, மலைப்புறக் குடிகள் சோழப் படையிற் சேர்ந்து, பின்னர்ச் சமவெளியில் நிலம்பெற்று உயர்ந்தமையையே இத்தகைய இயக்கத்தின் அடிப்படையாகக் கண்டார். அதுவே பொருத்தமெனத் தோன்றுகிறது. அங்ஙனமாயின், மலையினின்று இறங்கியோர் தம்மை வேள்வித் தீயினின்று வந்தோராகக் கூறியது ஏன்?

இவ்விடத்து இலக்கியம் பயின்றோர் புறநானூற்று 201ஆம் பாட்டை நினைவு கூர்தல் வேண்டும். பாரி மகளிரை இருங்கோவேளிடம் அழைத்துச் சென்ற கபிலர், அவன் முன்னோரை வடபால் முனிவனது தடவினுள் தோன்றியோர் என்றும், துவரையை ஆண்டு நாற்பத்தொன்பது தலைமுறை வழிவந்தோர் என்றும் கூறுகிறார். வெளியினின்று வந்தமையே அங்குக் குடிப்பெருமை. வேளிர்க்குப் புலவர் பாடியதை இடங்கையார் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டனர். அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. இவர்க்குப் பாடுவார் இலர். ஆதலின் இதனைப் பொய்க்கதையென ஒதுக்குதல் முறையன்று. புதிய நாட்டில் மதிப்பு வேண்டி நின்றோர் அந்நாட்டார்க்குப் புரியும் மொழியில் முன்வைத்த வழக்கு இது. செருப்புச் சுமந்ததையும் அவர்கள் மறைத்திலர் என்பது நோக்கத்தக்கது. பணிவும் அவர்க்கு ஒரு சான்றாயிற்றுப் போலும்.

உடன்பாட்டின் உயிர்நிலை பிற்பகுதியில் உள்ளது. இனி ஒருதாய் மக்கள் போல் ஒழுகுவோம். ஒருவர்க்கு வரும் நன்மை தீமை எல்லார்க்கும் உரியது. இடங்கைக்கு இழுக்கு நேரின் உரிமை நிலைபெறும் வரை ஒன்றுபட்டு நிற்போம் என்பது அதன் கருத்து. கொம்பும் சங்கும் குடையும் தமக்குரிய சின்னங்கள் என்றனர். கூடி வழக்குத் தீர்க்குங்கால் அவை உடையாரே தம்மவர் என்றும் வரையறுத்தனர்.

இவ்வொற்றுமைக்கு விலையும் உண்டு. வரம்பு கடந்தவர் தள்ளிவைக்கப்படுவர். சுருதிமான் எனக் கருதப்படார். எதிர்த்தரப்பினரின் அடிமையாகவே எண்ணப்படுவர். இழிவினின்று மீள முயன்ற கூட்டம் தன்னை மீறியவனுக்கு இழிவையே தண்டனையாக்கியது. சுருதிமான் என்னும் குடிப்பெயர் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் இன்றும் வழங்குகிறது.

எதிர்த்தரப்பு என இங்குச் சுட்டப்பட்டோர் வலங்கையார் என்றே கொள்ளலாம். ஆனால் 1429இல், விசயநகர ஆட்சியின்போது, கொறுக்கையில் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றுகூடின. அலுவலரும் நிலமுடையோரும் முறைகேடாகத் தண்டிய இறையை எதிர்த்து, தாம் செலுத்தும் இறையின் அளவைத் தாமே வரையறுத்தன. வேள்விக் குண்டமும் தேரும் அக்கல்வெட்டில் இல்லை.