வாசிப்பும் பரீட்சையும்

மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளையொன்று உரத்து வாசித்தால், "நன்றாய்ப் படிக்கிறது" என்று மகிழ்கிறோம். பொருள் விளங்கிற்றா என்று வினவுவோர் சிலரே. இவ்வழக்கத்துக்குப் பழைய வரலாறு ஒன்றுண்டு.

1862 இல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. வித்தியாதரிசி பிள்ளைகளை வாசிக்கச் செய்வார். தேறியோர் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். இலங்கையிலும், 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியபின், உதவிநன்கொடைப் பாடசாலைகளில் இம்முறை புகுந்தது. பிள்ளைகள் செய்ததென்ன? புத்தகத்தையே மனனஞ் செய்தார்கள்! தாமே வித்தியாதரிசியாயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இதனைக் கண்டித்தெழுதினார்.

தோட்டங்களின் கதை வேறு. பாடசாலை வைக்கும் பொறுப்பை 1920 ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர்; அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். 1945 இல் இலவசக் கல்வி வந்தும், அரசாங்கம் இப்பள்ளிகளைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1970 களிலேதான்.

நாம் படித்த மிஷன் பள்ளியிலும் மனனத்துக்கே புள்ளி. க.பொ.த. வினாத்தாளில், முன்பின் கண்டிராத பந்தியொன்று கிரகித்தலுக்கு வந்தபோது பிழையின்றி வாசித்தோம். விடை எழுதத் தெரியவில்லை. இப்போது தம்பி தங்கையரை வாசிக்கச் சொன்னால், புத்தகத்தை மூடிவைத்து, "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்கிறோம். முதலில் மௌனந்தான், பிறகு ஒன்றிரண்டு வார்த்தை வரும்.