சிசுவின் தலைக்கு ஒரு குல்லா

மார்கழி விடியலில் குரங்குக் குல்லாவோடு டீக்கடைக்குப் போகும் மாமாக்களைக் கேலி செய்யாத தமிழர் குறைவு. அந்தக் குல்லாவின் ஆங்கிலப் பெயர் பாலக்ளாவா. கிரிமியாவில் 1854இல் சண்டை நடந்த ஓர் ஊர் அது. அங்கே குளிரில் விறைத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்த பெண்கள் பின்னி அனுப்பிய கம்பளித் தொப்பிகளை நினைத்து வந்த பெயர் என்பார்கள். முகம் தெரியாத ஒருவருக்காகப் பின்னும் பழக்கம் போர்க்காலங்களில்தான் பெரிதாக வளர்ந்தது.

கூடவே ஒரு வழக்கும் வளர்ந்தது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியதும், அரசி மேரியின் பெயர் தாங்கிய தையற் சங்கம் சிப்பாய்களுக்காகத் தைக்கவும் பின்னவும் பிரிட்டனின் பெண்களை அழைத்தது. தொழிற்சங்கத் தலைவி மேரி மக்ஆர்தர் எதிர்த்தார். போரினால் ஏற்கெனவே பெண்கள் வேலை இழந்து நிற்கிறார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் இலவசமாகப் பின்னிக் கொடுத்தால் மிச்சமிருக்கும் கூலியும் போய்விடும் என்றார். அரசி அவரை அழைத்துப் பேசினார். வேலையற்ற பெண்களுக்குக் கூலியோடு வேலை தரும் நிதி ஒன்று அதிலிருந்து பிறந்தது. பின்னல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அதே வழக்கு டொரொன்டோவில் எங்கள் பகுதி நூலகத்திலும் எழுந்தது. புதன்கிழமைகளில் அங்கே சிலர் கூடி மருத்துவமனைச் சிசுக்களுக்குத் தொப்பி பின்னுகிறோம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஒருநாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “இந்த நூல் காசுக்குக் கடையிலயே தொப்பி வாங்கிக் குடுக்கலாம்தானே, தம்பி?” நியாயமான கேள்வி. திருப்பூரில் பின்னலாடை இயந்திரங்கள் ஓடும் வேகத்தைக் கண்டவன் நான்.

அதற்கான விடையை நான் பொகோட்டாவில் தேடுகிறேன். பிறந்த சிசுவின் தலை அதன் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. தோலுக்கடியில் கொழுப்பு சொற்பம். குறைமாதப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஈரம் காயுமுன் சூடு இறங்கிவிடும். 1978 வாக்கில் கொலம்பியாவின் அந்தத் தலைநகரத்தில் மருத்துவர் எட்கர் ரேயின் மகப்பேறு மனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. இருந்தவற்றில் நெரிசல், நெரிசலால் தொற்று. அவர் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் அறியப்படுவது அதுதான். அந்தப் பிள்ளைக்கு உடுப்பு என்று பார்த்தால் இடையில் ஓர் அணையாடை, காலுறை, தலையில் ஒரு தொப்பி. சூடு தருபவள் தாய். அந்தச் சூட்டை உச்சியில் தப்பவிடாமல் காப்பதே தொப்பியின் வேலை. தாயின் மார்போ நல்லதொரு மருத்துவச்சியோ இல்லாத இடத்துக்குப் பெட்டி பெட்டியாகக் குல்லா அனுப்பிப் பெரிய பயனில்லை.

அமெரிக்காவில் 2006இல் ‘சேவ் த சில்ட்ரன்’ நிறுவனம் இதை உணர்ந்தே காரியம் செய்தது. குல்லாவோடு ஜனாதிபதிக்கு ஒரு குறிப்பும் எழுதி அனுப்புங்கள் என்றது. குல்லா ஏழை நாட்டுச் சிசுவுக்கு; குறிப்பு, அந்த நாடுகளின் தாய்சேய் நலத்துக்கு நிதி கேட்டு வாஷிங்டனுக்கு. பின்னத் தெரிந்த பாட்டிமார் மனுதாரர்களும் ஆனார்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பின்னப்படும் ஊதாத் தொப்பிகள் இன்னொரு வகை. இங்கே மருத்துவமனைகள் வெதுவெதுப்பானவை. தொப்பி பெரும்பாலும் ஒரு செய்தியைச் சுமந்து போகிறது. முதல் மாதங்களில் பிள்ளை காரணமில்லாமல் மணிக்கணக்காக அழும், இரண்டாம் மாதத்தில் அது உச்சத்துக்குப் போகும், பொறுமை இழந்து பிள்ளையைக் குலுக்கினால் மூளை சிதையும், உயிரும் போகும் என்பது செய்தி. அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ள அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத நம் இளம் பெற்றோர் எத்தனை பேர்!

அதனால் எங்கள் தொப்பிகளோடு தமிழில் ஒரு துண்டு வைக்க முடிவு செய்தோம். ‘குலுக்காதீர்கள்’ என்று எழுதினேன். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பது போல இருக்கிறது என்றார் அந்த அம்மா. பக்கத்திலிருந்த மதுரைக்காரர் ‘உலுக்காதீங்க’ என்றார். இரண்டு புதன்கிழமைகள் அதிலேயே போயின. கடைசியில், “பிள்ளையைத் தொட்டிலில வச்சிட்டு, கதவைச் சாத்திட்டு, பத்து நிமிசம் வெளியில வந்து இரு எண்டு முதல் எழுதுங்கோ. மற்றதை அதுக்குக் கீழ எழுதலாம்” என்றார் அவர். அப்படியே எழுதியிருக்கிறோம்.